கோட்டாறு: ஊரும் பேரும்

நாஞ்சில் நாட்டின் பழைய வாணிக நகர் யாதென வினவின், நாகர்கோவில் என்றே இன்று பலரும் விடையிறுப்பர். கோட்டாற்றை அந்நகரின் ஒரு பகுதியாகவே எண்ணுவர். வரலாற்றை நோக்கின் முறை தலைகீழாகின்றது. கோட்டாறே மூத்த ஊர். நாகர்கோவில் அதன் அருகே பின்னர் வளர்ந்து அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்ட பெயர்.

முதற்கண் பெயரை ஆராய்வோம். 'கோட்டை'யும் 'ஆறு'ம் சேர்ந்தது கோட்டாறு என்பாருளர். அவ்வாறாயின் கோட்டையாறு என்றன்றோ வரல் வேண்டும்? காடு என்பது ஆறு என்பதனோடு புணர்ந்து காட்டாறு ஆவது போலக் கோடு என்பது கோட்டாறு ஆயிற்று எனக் கொள்வதே இலக்கண நெறி. கோடு என்பதற்கு வளைவு, கரை என்னும் பொருள்கள் உண்டு. மகேந்திரகிரிச் சாரலினின்று இறங்கி மணக்குடிக் காயலில் கலக்கும் பழையாறு இவ்வூரை ஒட்டிச் செல்வதால், ஆற்றால் வந்த பெயர் என்பதே எம் துணிபு.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி, ஆய் நாட்டின் தலைமை நகராகக் 'கொட்டியாரா'வைக் குறித்தார். அது கோட்டாறே என்பர் ஆய்வாளர். மிளகு விளைந்த நிலமாகப் பிளினி கூறும் 'கொட்டநாரா'வையும் இங்கே பொருத்துதல் சிறப்பன்று. அதனைக் குட்டநாடெனக் கொள்வதே தகும். தேவாரத் திருக்கோட்டாறும் காரைக்காலை அடுத்த வேறோர் ஊராகும். ஒலி ஒப்புமை ஒன்றனையே நம்புவோர் இவற்றுள் இடர்ப்படுவர்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் மேலைக் கடற்கரைக்கும் இடைப்பட்ட வழியில் அமைந்தமையால், இவ்வூரை வணிகர் விரும்பினர், வேந்தரும் விரும்பினர். பாண்டியர் இங்குப் பொருது வென்றதைப் பாண்டிக்கோவை பேசும். சோழர் ஆட்சியில் பெயரே மாறியது. முதலாம் இராசராசனின் விருதால் 'மும்முடிச் சோழநல்லூர்' எனப் பெயரிட்டனர். எனினும் கல்வெட்டுகள் 'கோட்டாறான' என்னும் அடையோடு அதனை வழங்கின. அரசன் இட்ட பெயரைப் பழம்பெயர் கொண்டே அடையாளங் காட்ட வேண்டியிருந்தது போலும்! முதலாம் குலோத்துங்கன் இங்கு நிலைப்படை நிறுத்தினான். படையும் விருதுப் பெயரும் மறைந்தன. ஒழுகினசேரியில் பழையாற்றங்கரையிலுள்ள இராசேந்திர சோழீச்சுரத்தை மட்டும் மக்கள் சோழராசா கோயில் என்று இன்றும் அழைப்பர்.

நாகர்கோவிற் பெயரோ நாகராசர் கோயிலால் வந்தது. அக்கோயில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சமணர் கையில் இருந்தமைக்குக் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் பெயர் தாங்கிய கல்வெட்டுகள் சான்று. 1818இல் மீட் ஐயர் மயிலாடியினின்று இங்கு வந்தபின் அச்சுக்கூடமும் பள்ளிகளும் வளர்ந்தன. பெண்கள் பின்னிய இலேசுத் தொழில் ஊர்ப்பெயரைக் கடல் கடத்திற்று. 1920இல் நகராட்சி, 1956 நவம்பர் 1 முதல் மாவட்டத் தலைநகர், 2019இல் மாநகராட்சி என அலுவலக ஏடுகளில் நாகர்கோவிலே நிலைத்தது.

எனினும் கோட்டாறு அழியவில்லை. 1930இல் அமைந்த கத்தோலிக்க மறைமாவட்டம் அப்பெயரையே ஏற்றது. பலசரக்கு வாங்கச் சிற்றூர்களினின்று வருவோர் அங்காடித் தெருவைக் கோட்டாற்றுக் கம்போளம் என்றே இன்றும் கூறுகின்றனர்.