தொடாமல் நோய் தெரியாது

ஜவ்வாது மலையின் அடிவாரம். போளூரிலிருந்து மலையேறும் வழியில் ஒரு காலனி. சில ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா தன் காய்ச்சலின் கதையைச் சொன்னார். மலையோரம் விறகுக்கும் புல்லுக்கும் போய்வருகிறவர் அவர். பதினொரு நாள் காய்ச்சல். மூன்று இடங்களில் காட்டியிருக்கிறார். மூன்றிலும் ஊசியும் மாத்திரையும்தான். நான்காவதாகப் பார்த்த இளம் பெண் மருத்துவர் கையைத் தூக்கச் சொன்னார். அக்குளில் பீடி நெருப்பால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு. வலிக்கவில்லை என்பதால் அக்காவுக்கே அது இருப்பது தெரியாது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது.

நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். புதரிலும் புல்லிலும் எலிகளோடு வாழும் மிக நுண்ணிய பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வருவது. மருந்து மலிவு. காலம் கடந்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதித்து உயிரையே எடுக்கும்.

எனக்கு மறக்காமல் நிற்பது அக்கா கடைசியாகச் சொன்னதுதான்: "அந்தம்மாதான் என்னத் தொட்டுப் பாத்தாங்க. மத்தவங்க மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே எழுதிக் குடுத்துட்டாங்க."

மற்ற மூவரும் சாதி பார்த்துத்தான் தொடவில்லை என்று நான் தீர்ப்பு எழுத மாட்டேன். கூட்டமாக இருந்திருக்கலாம், அவசரமாக இருந்திருக்கலாம். ஆனால் நோயைக் கண்டறிவது தொடுவதில் தொடங்குகிறது. தொடாமை என்பதையே ஒழுங்காக வைத்திருக்கும் ஒரு சமூகத்தில் நோயறிதல் எப்படி நடந்திருக்கும்? இந்தக் கேள்வியோடு நூற்றைம்பது ஆண்டுகள் பின்னால் போய்ப் பார்க்கலாம், தோழர்களே. அந்த வரலாறு மனிதரிடமிருந்து தொடங்கவில்லை. செத்த மாட்டிலிருந்து தொடங்குகிறது.

மாடு செத்தால் யார் குற்றவாளி?

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியத் தோலுக்கு உலகச் சந்தையில் கிராக்கி ஏறியது. அதே காலத்தில் வட இந்தியக் காவல் துறை ஆவணங்களில் ஒரு குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப வருகிறது: சமார்கள் தோலுக்காக மாடுகளுக்கு நஞ்சு வைக்கிறார்கள். சங்கியா பாஷாணம் எனப்படும் ஆர்சனிக்கைத் தீனியில் கலக்கிறார்கள், குன்றிமணியை அரைத்து ஊசிபோலச் செய்து மாட்டின் உடலில் குத்துகிறார்கள் என்றார்கள். செத்த மாட்டை எடுப்பவர்களும் தோலை உரிப்பவர்களும் அவர்கள்தானே, கொன்றவர்களும் அவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது வாதம். வரலாற்றாசிரியர் சௌரப் மிஸ்ரா 1850க்கும் 1890க்கும் இடைப்பட்ட ஆவணங்களைக் கொண்டு, இந்தச் சந்தேகம் ஒரு முழுச் சாதியையே குற்றவாளியாகச் சித்திரித்ததைக் காட்டியிருக்கிறார்.

நஞ்சு வைத்த வழக்கு ஒன்றுகூட உண்மையில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மாடு எப்படிச் சாகிறது என்று பாருங்கள். அடைப்பான் வந்த மாடு காலையில் மேய்ந்துவிட்டு மாலையில் விழுந்து சாகும். வெக்கை வந்த மாடு வாயெல்லாம் புண்ணாகி, கண்ணில் நீர் வடிந்து, இரத்தமாகக் கழிந்து சில நாளில் சாகும். திடீர்ச் சாவும் இரத்தக் கழிச்சலும் ஆர்சனிக் தின்ற மாட்டுக்கும் வரும். இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை வேண்டும். சோதனை இல்லாத இடத்தில் சாதி அந்த வேலையைச் செய்தது.

இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நஞ்சைக் கண்டறியும் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் மதராஸ் மாகாணத்தில் 1849இல் தொடங்கப்பட்டது. கால்நடைக் கிருமிகளை ஆராயும் ஏகாதிபத்திய நுண்ணுயிரியல் ஆய்வகம் 1889இல்தான் புனாவில் தொடங்கியது. 1893இல் அது இமயமலையின் முக்தேஸ்வருக்கு மாறியது. நஞ்சைத் தேடும் கருவி வந்து நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் கிருமியைத் தேடும் கருவி வந்தது. இடையில் மதராஸ் மாகாணம் 1866இல் கால்நடை நோய்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது. ஹாலன் தலைமையிலான ஆணையம் இந்தியாவின் மாட்டுக் கொள்ளைநோய்கள் குறித்து 1871இல் அறிக்கை தந்தது. மாடுகள் கொள்ளைநோயில் செத்துக்கொண்டிருந்தது அரசுக்குத் தெரியும். ஆனாலும் செத்த மாட்டைத் தூக்கியவர் மீது விழுந்த சந்தேகம் விலகவில்லை.

வெக்கையின் கடைசி ஊர்

வெக்கை, ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட். பெரியம்மைக்கு அடுத்தபடியாக உலகிலிருந்தே ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் அது. முக்தேஸ்வரில் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1920களில் வெள்ளாட்டின் வழியே வலுவிழக்கச் செய்த தடுப்பூசியை உருவாக்கினார். 1932இல் நம் ராணிப்பேட்டையில் கால்நடைகளுக்கான மருந்து தயாரிக்கும் நிலையம் தொடங்கியது. கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. 1954இல் நாடு தழுவிய வெக்கை ஒழிப்புத் திட்டம் வந்தது.

இந்தியாவில் வெக்கை கடைசியாகப் பதிவானது 1995இல், நம் வட ஆற்காட்டில். இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் விரிந்துகிடக்கும் ஜவ்வாது மலை அந்தப் பழைய வட ஆற்காட்டின் மலைதான். 2011இல் உலகமே வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இந்த வெற்றியில் நாம் படிக்க வேண்டிய பக்கம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. எத்தியோப்பியாவின் அஃபார், உகாண்டாவின் கரமோஜா போன்ற பகுதிகளுக்குள் அரசுக் கால்நடை மருத்துவர்களால் போக முடியவில்லை. 1990களில் ஒரு முடிவெடுத்தார்கள். மாடு மேய்க்கும் மக்களில் இருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்தார்கள். வெப்பம் தாங்கும் தடுப்பூசியை அவர்கள் கையிலேயே கொடுத்தார்கள். எந்த மந்தையில் நோய் இருக்கிறது, அதை அவர்கள் என்ன பெயரில் சொல்கிறார்கள், எந்த அறிகுறியால் அடையாளம் காண்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டார்கள். இதற்குப் பங்கேற்பு நோயியல் என்று பெயர் வைத்தார்கள். மாட்டைத் தினமும் தொடுகிறவருக்கு மாட்டின் நோய் தெரியும் என்பதை அறிவியல் ஒப்புக்கொண்ட தருணம் அது.

இங்கேயும் அப்படித் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம்தான் யாரும் கேட்கவில்லை.

அடைப்பான்: தெரிந்தவர்கள் யார்?

அதே அடிவாரத்தில் இன்னொரு ஊர். செத்த மாடு எடுக்கும் வேலையை இளமையிலேயே விட்டுவிட்ட ஒரு தாத்தா என்னிடம் சொன்னார்: "மூக்குலயும் பின்னாலயும் கறுப்பா ரத்தம் வந்து, அது உறையாம ஓடுச்சின்னா கத்தி வைக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. ஆனா ஊர்க்காரங்க விடுவாங்களா? நாறுது, எடுத்துட்டுப் போன்னுவாங்க."

கால்நடை மருத்துவப் பாடநூலைத் திறந்து பாருங்கள். அடைப்பானின் அடையாளம் இதேதான். உடல் துவாரங்களில் கருமையான, உறையாத இரத்தம். உடல் விறைக்காமல், சீக்கிரமே உப்பிவிடும். அப்படிச் செத்த மாட்டை அறுக்கக் கூடாது. அறுத்தால் காற்றுபட்டுக் கிருமி வித்துகளாக மாறும். அந்த வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். காதோர நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். 1903இல் மக்ஃபேடியன் என்பவர் விவரித்த இந்தச் சோதனை இன்றும் பயன்படுகிறது. 1911இல் அஸ்கோலி உருவாக்கிய இன்னொரு சோதனையால், உரித்து வைத்த தோலிலிருந்துகூட அடைப்பானைக் கண்டறியலாம்.

பாட்டன் சொத்தாக நிலம் வராத நம் மக்களுக்கு இந்த அறிவு வந்தது. அதை எழுதிவைக்க அவர்களுக்குப் பள்ளி இல்லை. சொன்னால் கேட்க ஊர் இல்லை. நோய் இருக்கிறது என்று தெரிந்தும் அந்த மாட்டை எடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் சாதியின் கட்டளை. கூலி என்று கிடைத்தது அந்த இறைச்சியும் தோலும். அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகாடில், செத்த மாட்டைத் தூக்குவதையும் அதன் இறைச்சியை உண்பதையும் விடுங்கள் என்று அழைத்ததை இந்த வெளிச்சத்திலும் படிக்க வேண்டும். மாட்டிறைச்சி நம் உணவு, அதில் வெட்கப்பட எதுவுமில்லை. எதனால் செத்தது என்று தெரியாத உடலை ஊரின் கட்டாயத்தால் தொடுவது வேறு விஷயம். இரண்டையும் குழப்புகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மனிதருக்கு அடைப்பான் வந்தால் பெரும்பாலும் தோலில்தான் வரும். கையிலோ கழுத்திலோ முகத்திலோ ஒரு கொப்புளம் வந்து, உடைந்து, வலியில்லாத கருப்புப் பொருக்காக மாறும். ஆமாம், இதுவும் கருப்புப் பொருக்குதான். ஆரம்பத்திலேயே பார்த்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் குணமாகிவிடும். விட்டால் இரத்தத்தில் ஏறி மூளைவரை போகும். இது பழங்கதையும் அல்ல. 1990களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தென்னிந்தியாவில் மனிதர்களிடம் அடைப்பான் தொடர்வதையும், அது மூளைக்காய்ச்சலாக முற்றுவதையும் ஆய்விதழ்களில் பதிவுசெய்திருக்கிறார்கள்.

தொழிலாளி என்றால் நோய், சாதி என்றால் விதி

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் கம்பளி பிரிக்கும் தொழிலாளர்கள் திடீர் திடீரென்று செத்தார்கள். 1880 வாக்கில் ஜான் ஹென்றி பெல் என்ற மருத்துவர் அது அடைப்பான் என்று நிறுவினார். 1919இல் அங்கே அடைப்பான் தடுப்புச் சட்டம் வந்தது. இந்தியாவில் 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தபோது, தொழில்சார் நோய்களின் பட்டியலில் தோல், உரோமம் கையாளும் வேலைகளுக்கு அடைப்பான் இடம்பெற்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது.

ஆக, ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ தொழிற்சாலைக்குள் தோலைக் கையாளுகிறவர், தாளிலாவது, ஒரு தொழிலாளி. அந்தத் தோலை ஊரில் முதலில் தொட்டு உரித்தவர் யார்? அவருக்கு முதலாளி இல்லை, சம்பளப் பதிவேடு இல்லை. அவரை வேலைக்கு வைத்தது சாதி. சாதியிடம் இழப்பீடு கேட்க எந்தச் சட்டத்திலும் படிவம் இல்லை. ஒரே கிருமி, ஒரே தோல். வாசலுக்கு உள்ளே அது தொழில்சார் நோய், வெளியே அது விதி.

பழைய சந்தேகம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2002 அக்டோபரில் அரியானாவின் துலினாவில் பசுவைக் கொன்றதாகச் சொல்லி ஐந்து தலித்துகளைக் காவல் சாவடிக்கு அருகிலேயே அடித்துக் கொன்றார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டைத் தோலுரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அந்தக் கும்பல்களுக்கு மாடு எதனால் செத்தது என்று கேட்கத் தோன்றவில்லை. 1850களில் காவலர் செய்த அதே நோயறிதல்தான். ஊனாவுக்குப் பிறகு குஜராத் தலித்துகள் செத்த மாடுகளை அரசு அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். எடுங்கள், தொட்டுப் பாருங்கள் என்று ஊருக்குச் சொன்ன செய்தியாகத்தான் அதை நான் படிக்கிறேன்.

நாம் செய்ய வேண்டியது

ஜவ்வாது மலை மேலே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு நோயறிதல் எட்டாமல் இருப்பதற்குத் தூரம் காரணம். சாலையில்லாத கிராமத்திலிருந்து காய்ச்சல்காரரைத் தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள் நாள் போய்விடுகிறது. கீழே நம் காலனியில் தூரம் குறைவு. மேசையின் அகலம்தான் தூரம். இரண்டையும் ஒரே கோரிக்கையாக்க முடியும்: நோய் என்னவென்று தெரிந்துகொள்வது எங்கள் உரிமை.

இந்த மண்ணில் அதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. 1980களில் டாக்டர் ஜேக்கப் ஜானும் அவருடைய சி.எம்.சி. சகாக்களும் வட ஆற்காடு மாவட்டத்துக்கு ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை உருவாக்கினார்கள். மருத்துவர்கள் தாங்கள் பார்த்த தொற்றுநோயைத் தபால் அட்டையில் எழுதிப் போட்டால் போதும். கணினியில்லாத காலத்தில் ஒரு அட்டை அந்த வேலையைச் செய்தது. இன்று உங்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.

காய்ச்சல்காரரோடு மருத்துவமனைக்குப் போகும்போது, "உடம்பைப் பரிசோதிச்சுப் பாருங்க, எங்கயாவது கருப்புப் பொருக்கு இருக்கான்னு பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாடு, ஆடு திடீரென்று செத்தால் அறுக்காதீர்கள், அறுக்க விடாதீர்கள். கால்நடை மருத்துவரை வரவழைத்து இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அடைப்பான் என்றால் அந்த உடலைத் தோலோடு ஆழமாகப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். அது மாட்டுக்காரரும் ஊராட்சியும் செய்ய வேண்டிய வேலை. காலனிக்காரரின் வேலை இல்லை.

கடைசியாக, உங்கள் ஊரில் அந்தத் தாத்தாவைப் போல ஒருவர் இருந்தால் போய் உட்காருங்கள். எந்த மாட்டை அறுக்க மாட்டீர்கள், எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், அந்த நோய்க்கு என்ன பெயர் சொல்வீர்கள், உங்கள் வீட்டில் யாருக்காவது கையில் கருப்புப் புண் வந்ததா என்று கேட்டு, அவர் சொல்கிறபடியே எழுதிவையுங்கள். நான் அந்தத் தாத்தாவிடம் இரண்டாவது முறை போனபோது அவர் இல்லை. நான் எழுதிவைத்திருந்தது மேலே சொன்ன அந்த மூன்று வாக்கியங்கள் மட்டும்தான்.