பச்சை உடம்பும் நாற்பது நாளும்

வரலாறு என்றதும் எமது பாடநூல்கள் அரசர்களையும் போர்களையுமே முன்னிறுத்துகின்றன. பிள்ளை பெற்ற தாய் எவ்வாறு உடம்பு தேறி எழுந்தாள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை எழுதி வைத்தோர் மிகச் சிலரே.

கிழக்குக் கரை முஸ்லிம் ஊர்களில் பிள்ளை பெற்றவளின் உடம்பைப் 'பச்சை உடம்பு' என்பர். நாற்பது நாள் அவளுக்கு அடுப்படியும் கிணற்றடியும் விலக்கு. நல்லெண்ணெய் பூசி, நொச்சி, பாவட்டை, ஆடாதோடை இலைகள் அவித்த சுடுநீர் வார்ப்பர். வயிற்றைத் துணியால் இறுகக் கட்டுவர். மிளகு, மஞ்சள், மல்லி, சீரகம், வேர்க்கொம்பு, உள்ளி சேர்த்தரைத்த சரக்குக் கறிதான் சோற்றுக்கு. பால் சுரக்கச் சுறாவும் முருங்கைக் கீரையும் கொடுப்பர்.

மருத்துவிச்சியின் கைவண்ணத்தால் மட்டும் இது நடக்கவில்லை. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலான ஊர்களில் கலியாணத்தின் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் பெண்ணுக்குச் சீதனமாகவே போகும். உம்மா, சாச்சி, ராத்தா எல்லோரும் ஒரே வளவில் அல்லது அடுத்த வளவில் இருந்தனர். சோறாக்கவும் துணி துவைக்கவும் மூத்த பிள்ளைகளைப் பார்க்கவும் நாலு கைகள் இருந்தமையாலேயே ஒருத்தி நாற்பது நாள் படுத்திருக்க முடிந்தது.

இந்த நாற்பது மார்க்கக் கட்டளை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். ஷாபிஈ மத்ஹபில் நிபாஸ் பெரும்பாலும் நாற்பது நாள். ஆகக் கூடியது அறுபது. அதற்கு முன்பே இரத்தம் நின்றுவிட்டால் குளித்துத் தொழ வேண்டியதுதான். மார்க்கச் சட்டம் எண்ணியது இரத்தத்தை. ஊர் வழக்கம் எண்ணியது உடம்பின் களைப்பை. பிரசவத்தின்போது ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள கருப்பை நூறு கிராமுக்கும் குறைவாகச் சுருங்க ஆறு வாரமாகும் என்கிறது மருத்துவம். ஆறு வாரம் என்பது 42 நாள். எமது மூத்தம்மாமாரின் கணக்கு அதிகம் பிசகவில்லை.

ஆயினும் பழைமை அனைத்தையும் போற்றிவிட முடியாது. பல வீடுகளில் தாய்க்குத் தண்ணீர் மட்டுப்படுத்தப்பட்டது. சீம்பால் பிழிந்து ஊற்றப்பட்டது. காற்றுப் புகாத அறையில் அவள் கிடத்தப்பட்டாள். மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்குப் பேற்றுவேளையில் பேரீச்சங்கனியும் நீரோடையும் அருளப்பட்டதைக் குர்ஆனில் ஓதும் சமூகத்திலும் இது நடந்தது.

1930களில் இலங்கையில் ஆயிரம் பிரசவத்துக்கு இருபது தாய்மார் வரையில் மௌத்தானார்கள். கழுவாத கையினால் பிரசவக் காய்ச்சல் பரவுவதை வியன்னாவில் செம்மல்வைஸ் 1847இலேயே காட்டியிருந்தார். கொழும்பில் டி சொய்சா பிரசவ மனை 1879இல் திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. பயிற்சி பெற்ற மருத்துவ மாது கிராமத்துப் படலையைத் திறந்து வந்ததும், மலேரியா ஒழிப்பும், புதிய மருந்துகளும், பெண்கல்வியும் சேர்ந்தே சாவைக் குறைத்தன. இப்போது அந்தக் கணக்கு இலட்சத்துக்கு ஐம்பதுக்கும் கீழே.

சம்பளத்துக்கு உழைத்த தாய்க்கு 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் ஓய்வைத் தந்தது. பின்னாளில் அது பன்னிரண்டு வாரமாக வளர்ந்தபோதும், ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ளவளுக்கு ஆறு வாரமே கிடைத்தது. 2018இலேயே அந்தப் பாகுபாடு நீங்கியது. வீட்டில் உழைப்பவளுக்கோ எந்தச் சட்டமும் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே லீவு இந்த நாற்பதுதான்.

அந்த லீவு இப்போது கரைந்து வருகிறது. சாச்சி வெளிநாட்டில், ராத்தா வேறு ஊரில், வளவு துண்டு துண்டாகி மதில் எழுந்துவிட்டது. என் வகுப்பு வரவுப் பதிவேட்டிலும் இதனைக் காண்கிறேன். தம்பியோ தங்கையோ பிறந்தால் வரவில் விழுவது மூத்த பெண்பிள்ளைதான். காரணம் கேட்டால், "உம்மாக்கு ஏலா சேர்" என்பாள். அந்தப் பிள்ளையும் இல்லாத வீட்டில், பத்தாம் நாளே பச்சை உடம்புக்காரி குடம் தூக்குகிறாள். நாற்பதாம் நாள் விருந்து மட்டும் குறைவின்றி நடக்கிறது.

கொள்ளவும் தள்ளவும் தெரிந்தால் போதும். சரக்குக் கறி இருக்கட்டும். தண்ணீரைத் தடுக்க வேண்டாம். சீம்பால் பிள்ளைக்கே உரியது. இறுகக் கட்டுவதை விட மெல்ல நடப்பதே உடம்புக்கு நல்லது. இரத்தம் மிகுதியாகப் போனாலோ, காய்ச்சல், கடும் தலையிடி, ஒரு காலில் மட்டும் வீக்கம் கண்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரு வாரம் கடந்தும் அவள் காரணமின்றி அழுதால், அதைப் பேய்க்கோளாறு என்று நூல் கட்டாமல் மருத்துவ மாதுவிடம் சொல்ல வேண்டும்.

அன்று அடுப்படியில் நின்ற நாலு கைகளையும் இனித் திரும்ப அழைக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் மாப்பிள்ளைக்கு இரண்டு கைகள் இருக்கின்றன. நாற்பது நாள் உலை வைக்கவும் துணி துவைக்கவும் அவை தாராளமாகப் போதும்.