கருவின் வாரங்களும் தந்தையின் கடமையும்

திருக்குர்ஆனின் ஏழாம் அத்தியாயமான அல்அஃராஃபின் 189ஆம் வசனம் ஒரு தம்பதியின் நிலையை மிகச் சுருக்கமாகச் சொல்கிறது. மனைவி முதலில் இலேசானதொரு சுமையைத் தாங்குகிறாள், அதனுடனேயே நடமாடுகிறாள். சுமை கனத்ததும் கணவன் மனைவி இருவருமே தம் இறைவனை அழைத்துப் பிரார்த்திக்கிறார்கள். அரபு மொழியில் இருவரை மட்டும் குறிக்கும் தனி வினைவடிவம் உண்டு. அந்த வடிவமே இங்கு ஆளப்பட்டுள்ளது. சுமப்பவள் ஒருத்தி, கையேந்துவோர் இருவர்.

அந்த ‘இலேசான சுமை’யின் காலத்தைப் பற்றியே இங்கு நாம் பேச விரும்புகிறோம். வயிறு தெரியாத, ஊரார் அறியாத முதல் மூன்று மாதங்கள் அவை. முன்பெல்லாம் பல வீடுகளில் அச்செய்தி மாமியாருக்கும் மருத்துவச்சிக்கும் தெரிந்த பிறகே கணவனின் காதுக்கு வந்தது. இன்றோ நம் இளைஞர்கள் கைப்பேசிச் செயலியைத் திறந்து, “இது ஆறாவது வாரம், இது ஏழாவது வாரம்” என்று நாள்தவறாமல் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அதில் மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் வாரங்களை எண்ணும் இந்த அறிவு எங்கிருந்து வந்தது, நம் முன்னோர் எதற்காகக் கருவின் காலத்தை எண்ணினார்கள் என்பதையும் ஒரு தந்தை அறிந்திருப்பது நல்லது.

எண்ணிக்கை ஏன் தேவைப்பட்டது?

நம் மார்க்க மரபில் கருவின் காலக் கணக்கு முதலில் உரிமைகளைக் காப்பதற்கே பயன்பட்டது.

நேர்வழி நின்ற கலீஃபாக்களின் காலத்தில், மணமாகி ஆறு மாதத்தில் குழந்தை பெற்ற ஒரு பெண்ணின் கற்பு ஐயத்துக்குள்ளானது. தண்டனை வரை பேச்சுப் போனது. அப்போது அலீ (ரலி) அவர்கள் இரு வசனங்களை இணைத்துக் காட்டியதாக அறிவிப்புகள் கூறுகின்றன. சுமப்பதும் பால்குடி மறப்பதும் சேர்ந்து முப்பது மாதங்கள் என்கிறது ஒரு வசனம் (46:15). முழுமையாகப் பாலூட்டும் காலம் இரண்டு ஆண்டுகள் என்கிறது மற்றொன்று (2:233). முப்பதில் இருபத்து நான்கைக் கழித்தால் எஞ்சுவது ஆறு. ஆகவே கருக்காலத்தின் மிகக் குறைந்த அளவு ஆறு மாதங்கள் என்பது சட்டமாயிற்று. எளிய ஒரு கழித்தல் கணக்கு ஒரு பெண்ணின் உயிரையும் ஒரு குழந்தையின் தந்தைவழியையும் காத்தது.

மணவிலக்குப் பெற்றவள் கருவுற்றிருந்தால்கூட, அவள் பிரசவிக்கும்வரை கணவனே செலவு செய்ய வேண்டும் என்கிறது திருக்குர்ஆன் (65:6). விலகிவிட்டவளுக்கே இந்த உரிமை என்றால், கூடவே வாழும் மனைவிக்கு எத்தகைய உரிமை! தந்தை இறந்துவிட்டால், கருவில் இருக்கும் பிள்ளைக்காக வாரிசுச் சொத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்கிறது ஃபிக்ஹு. பிறக்காத குழந்தைக்கும் நம் சட்டத்தில் கணக்கு உண்டு.

மருத்துவரும் அறிஞரும்

பத்தாம் நூற்றாண்டில், குர்துபாவில், இரண்டாம் ஹகம் என்ற கலீஃபாவின் அவையில் இருந்த அரீப் இப்னு ஸஅத், கருவின் உருவாக்கம், கர்ப்பிணியின் பராமரிப்பு, பிறந்த குழந்தையின் வளர்ப்பு ஆகியவற்றைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். இவரைப் போன்றோர் கிரேக்க மருத்துவத்தைக் கற்றிருந்தார்கள். ஆயினும் அரிஸ்டாட்டில் தாயைக் கருவுக்குப் பொருள் தருபவளாக மட்டுமே கருதினார். உரு தருவது தந்தை என்றார். நபி (ஸல்) அவர்களோ, பெண்ணிடமிருந்தும் நீர் வெளிப்படுகிறது, குழந்தையின் சாயல் அதனாலும் அமைகிறது என உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் கேள்வியை ஒட்டி விளக்கியிருந்தார்கள். ஆகவே நம் அறிஞர்கள் பலர் இருவர் பங்கையும் ஏற்றே பேசினர். ஐரோப்பாவில் இந்த வாதம் மிகப் பின்னர்தான் ஓய்ந்தது. பாலூட்டிகளின் கருமுட்டையை 1827இல் பேர் கண்டறிந்தார். விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றிணைவதை 1876இல் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் முட்டையில் கண்டார்.

1350இல் டமாஸ்கஸில் காலமான இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களின் ‘துஹ்ஃபத்துல் மவ்தூத்’ குழந்தை பற்றிய சட்டங்களுக்கான நூல். அதன் இறுதி அத்தியாயம் மனிதனை விந்துத்துளி முதல் மறுமையின் நிலையான இருப்பிடம் வரை படிப்படியாகத் தொடர்கிறது. கருவின் நாட்களைப் பற்றிய ஹதீஸ்களை அவர் மருத்துவர்களின் கூற்றுகளோடு ஒப்பிட்டும் பார்க்கிறார்.

அந்த ஹதீஸ்களில் இரண்டு புகழ்பெற்றவை. இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிப்பதில் நாற்பது நாட்கள் குறிப்பிடப்பட்டு, பின்னர் உயிர் ஊதப்படுதல் சொல்லப்படுகிறது. ஹுதைஃபா (ரலி) அறிவிப்பதில் நாற்பத்திரண்டு இரவுகள் கழிந்தபின் வானவர் வந்து செவி, பார்வை, தோல், தசை, எலும்பு ஆகியவற்றுக்கு உருவமைப்பது சொல்லப்படுகிறது. மூன்று நாற்பதுகள் சேர்ந்து 120 நாட்கள் என்பது பெரும்பாலோரின் விளக்கம். மூன்று நிலைகளும் முதல் நாற்பதுக்குள்ளேயே அடங்கும் என்று விளங்கியோரும் உண்டு.

இங்கு இளம் தந்தையர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் சொல்லும் ‘வாரம்’ மனைவியின் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவது. மொத்தம் 280 நாட்கள் என்ற கணக்கும், பிரசவ நாளைக் குறிக்கும் வழியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவர் நேகலேயின் பெயரால் பரவின. ஹதீஸ்களின் நாட்களோ கரு உண்டாவதிலிருந்து எண்ணப்படுபவை. இரண்டுக்கும் இடையே சுமார் இரண்டு வார வேறுபாடு உண்டு. ஆகவே நாற்பத்திரண்டு இரவுகள் என்பது மருத்துவரின் கணக்கில் எட்டு வாரங்கள். 120 நாட்கள் என்பது ஏறத்தாழ பத்தொன்பது வாரங்கள். இது தெரியாமல் குழம்புவோர் நம்மில் பலர்.

நான்காம், ஐந்தாம் வாரம்: செய்தி

மாதவிடாய் தள்ளிப்போன சில நாட்களிலேயே செய்தியை உறுதிசெய்வது மனித வரலாற்றில் மிக அண்மைய வசதி. 1920களின் இறுதியில் பெர்லினில் ஆஷ்ஹைம், சோண்டெக் என்ற இரு மருத்துவர்கள், கர்ப்பிணியின் சிறுநீரைச் சுண்டெலிக்குச் செலுத்தி அதன் சூலகத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு கருவை அறிந்தனர். முடிவு தெரியப் பல நாட்களாகும், எலியும் பிழைக்காது. 1930களில் ஆப்பிரிக்கத் தவளை அந்த இடத்தைப் பிடித்தது. வீட்டிலேயே சோதிக்கும் கருவியின் முதல் மாதிரியை 1967இல் மார்கரெட் கிரேன் என்ற வடிவமைப்பாளர் அமெரிக்காவில் உருவாக்கினார். அது கடைகளுக்கு வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று நாம் மருந்துக்கடையில் வாங்கும் சிறு பட்டைக்குப் பின்னால் இவ்வளவு நீண்ட பாதை.

ஆறாம் வாரம்: உணவு

மருத்துவரின் கணக்கில் ஆறாம் வாரம் முடிவதற்குள், பின்னாளில் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகவிருக்கும் நரம்புக்குழல் மூடிக்கொள்கிறது. இதயத்துடிப்பும் தொடங்கிவிடுகிறது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை உணருமுன்பே இவை நடந்துவிடுகின்றன.

இதற்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தின் கதை நம் நாட்டோடு தொடர்புடையது. 1920களின் இறுதியில் ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்களைத் தாக்கிய கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் பெண்களும் வறிய முஸ்லிம் பெண்களும் அவர் கண்டவர்களில் இருந்தனர். காய்கறியும் சத்தும் குறைந்த உணவே காரணம் எனக் கண்ட அவர், ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் ஓர் உணவு அவர்களைக் குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்துத்தான் பின்னாளில் ஃபோலேட் எனப் பெயர் பெற்றது. நரம்புக்குழல் குறையுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மார்க்கு, கருத்தரிப்புக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தால் அக்குறை மீண்டும் நேர்வது 72 சதவீதம் குறைகிறது என 1991இல் வெளியான பெரும் ஆய்வு நிறுவியது.

மனைவியின் உணவுக்குக் கணவனே பொறுப்பு என்று நம் மார்க்கம் சொல்லும்போது, அது அரிசி மூட்டையோடு முடிவதில்லை. கீரையும் பருப்பும் பழமும் மருத்துவர் தரும் மாத்திரையும் அதில் அடங்கும். குமட்டலில் அவளால் அடுப்படியில் நிற்க முடியாத நாளில் அவனே சமைப்பதும் அடங்கும். நபி (ஸல்) அவர்கள் வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்ததை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள்: படங்களும் இழப்பும்

கருவைத் திரையில் காணும் வழி கிளாஸ்கோ நகரில் பிறந்தது. உலோகத்தில் உள்ள பிளவுகளைக் கண்டறியத் தொழிற்சாலைகளில் பயன்பட்ட ஒலியலைக் கருவியை மருத்துவர் இயன் டொனால்ட் பெண்களின் வயிற்றைப் பரிசோதிக்கக் கொண்டுவந்தார். அவரது குழுவின் கட்டுரை 1958இல் வெளிவந்தது. கருவின் உச்சந்தலை முதல் பிட்டம்வரை அளந்து அதன் வயதைக் கணிக்கும் முறையை 1973இல் அதே நகரில் ராபின்சன் வெளியிட்டார். இன்றும் முதல் ஸ்கேனில் செய்யப்படுவது இதுவே.

ஆனால் செயலியில் நாம் காணும் ‘வாரம்தோறும் கரு’ என்னும் வரிசை அதற்கு முந்தியது. 1880களில் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூற்றியலார் மனிதக் கருக்களை வரிசைப்படுத்தி வரைந்தார். அவருடைய மாணவர் ஃபிராங்க்லின் மால் அமெரிக்காவின் பால்டிமோரில் ஆயிரக்கணக்கான கருக்களைச் சேகரித்தார். 1914இல் கார்னெகி நிறுவனத்தின் கருவியல் துறை அவர் தலைமையில் அமைந்தது. முதல் எட்டு வாரங்களை 23 நிலைகளாகப் பிரிக்கும் முறை அச்சேகரிப்பிலிருந்தே வந்தது. அந்தக் கருக்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் கருச்சிதைவுகளிலிருந்தும் அறுவைச் சிகிச்சைகளிலிருந்தும். மருத்துவர்கள் அனுப்பி வைத்தார்கள். அந்தத் தாய்மாரின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

அதாவது, ஒரு தந்தை இன்று மகிழ்ச்சியோடு புரட்டும் படவரிசை வேறு பல வீடுகளின் இழப்பிலிருந்து கற்றுக்கொண்டது. அந்த இழப்பு நம் வீட்டுக்கும் வரலாம். உறுதிசெய்யப்பட்ட கருக்களிலேயே ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் கலைந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களில். தாய் செய்த எந்தத் தவறும் அவற்றுக்குக் காரணமாவது அரிது. கருவின் குரோமோசோம் குறைகளே பெரும்பான்மைக் காரணம். ஆயினும் நம் வீடுகளில், “படி ஏறினாயா? பாரம் தூக்கினாயா?” என்றுதான் முதல் கேள்வி எழுகிறது. அல்லது, “அது இன்னும் குழந்தையே ஆகவில்லையே, எதற்கு அழுகை?” என்கிறார்கள்.

இந்த இரண்டாம் கேள்வி மிகப் பழையது. ஹுதைல் குலத்துப் பெண்கள் இருவரின் சண்டையில் ஒருத்தி கல்லெறிந்ததால் மற்றவளின் கரு சிதைந்தது. அதற்கு ஈட்டுத்தொகை தரவேண்டும் என நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். குற்றவாளியின் தரப்பினர் ஒருவர், உண்ணாத, குடிக்காத, அழுது குரல் எழுப்பாத ஒன்றுக்கு ஈடு எப்படி என்று எதுகை மோனையோடு வாதிட்டார். அது குறிசொல்வோரின் பேச்சு போன்றது என நபியவர்கள் கண்டித்தார்கள், தீர்ப்பு மாறவில்லை. மனித உருவின் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளைப் பின்வந்த சட்ட அறிஞர்கள் விவாதித்தனர். எனினும் அழாத ஒன்றின் இழப்பும் இழப்பே என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. மனைவியைச் சுற்றி அத்தகைய பேச்சு எழும்போது அதைத் தடுத்து நிறுத்த வேண்டியவன் கணவன். தன் கண்ணீரையும் அவன் மறைக்க வேண்டியதில்லை. தம் மகன் இப்ராஹீமை இழந்தபோது நபியவர்களும் கண்ணீர் வடித்தார்கள்.

பன்னிரண்டுக்குப் பின்: கேட்கக்கூடாத கேள்வி

ஸ்கேன் கருவி ஒரு தீமைக்கும் பயன்பட்டது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து தெரிவிப்பதைத் தடைசெய்ய இந்தியா 1994இல் சட்டம் இயற்ற நேர்ந்தது; 2003இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. அதை அறிய முயலும் கணவனும் உறவினரும்கூட அச்சட்டத்தின் முன் குற்றவாளிகள். பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுப்பவனைத் திருக்குர்ஆன் கண்டிக்கிறது (16:58, 59). இப்னுல் கய்யிம் தம் நூலின் இரண்டாம் அத்தியாயத்தையே பெண் குழந்தை பிறந்ததற்காக மனம் வெதும்புவதைக் கண்டிக்க ஒதுக்கினார். முதல் அத்தியாயம் பிள்ளைப்பேற்றை நாடுவது பற்றியது. ‘பிள்ளை வேண்டும்’ என்பதை அடுத்து அவர் சொன்னது, ‘எதுவானாலும் ஏற்றுக்கொள்’ என்பது.

நாம் தொடங்கிய வசனத்துக்குத் திரும்புவோம். அந்த இருவரும் நல்ல பிள்ளையைத் தந்தால் நன்றி செலுத்துவோம் என்று வாக்களிக்கிறார்கள். பிள்ளை கிடைத்தபின் அவ்வாக்கை மறந்தோரை அடுத்த வசனம் எச்சரிக்கிறது. சுமை இலேசாக இருக்கும் நாட்களிலேயே கணவன் தன் பங்கைத் தொடங்கிவிட்டால் அந்த மறதி நேராது. கைப்பேசி வாரத்தைச் சொல்லும். அந்த வாரத்தில் மனைவி என்ன உண்டாள், எப்படி உறங்கினாள், எதற்கு அஞ்சினாள் என்பதை அவன்தான் கேட்டறிய வேண்டும்.

சுமந்திருக்கும் நம் பெண்களுக்கு அல்லாஹ் இலேசையும் நலத்தையும் தருவானாக. இழந்தோருக்கு அழகிய பொறுமையையும் சிறந்த ஈட்டையும் வழங்குவானாக. ஆமீன்.