நோயாளரின் இரகசியம் கசிந்தால் சட்டம் தரும் வழிகள் எவை?

வைத்தியரிடமும் சட்டத்தரணியிடமும் உண்மையை மறைக்கக் கூடாது என்பார்கள். எமது மக்கள் வைத்தியரை நம்பி, பெற்ற பிள்ளைகளிடமும் கூறாத விடயங்களைக் கூறுகின்றனர். முன்னர் அவை கிளினிக் கொப்பியிலும் அலுமாரிக் கோவையிலும் அடங்கிக் கிடந்தன. இன்று அவை கணினியில் உள்ளன. ஒருவருடைய இரத்தப் பரிசோதனை அறிக்கை சில நொடிகளில் ஊர் முழுவதும் பரவிவிடக்கூடிய காலம் இது.

இந்த ஆபத்து கற்பனையானதல்ல. சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டு சிங்ஹெல்த் சுகாதார வலையமைப்பின் கணினிகளுக்குள் ஊடுருவியோர் 15 இலட்சம் நோயாளரின் விபரங்களைக் களவாடினர். பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தில் திருடப்பட்ட சிகிச்சைக் குறிப்புகளைக் கொண்டு 2020இல் நோயாளரிடமே கப்பம் கோரப்பட்டது. இக்குற்றத்திற்காக ஒருவருக்கு 2024இல் ஆறு வருடங்களும் மூன்று மாதங்களும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எமது நாட்டில் 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று பரவிய வேளையில், நோயாளரின் இனமும் ஊரும் பகிரங்கமாகப் பேசப்பட்டதையும் முஸ்லிம் மக்கள் மீது பழி சுமத்தப்பட்டதையும் எவரும் மறந்திருக்க முடியாது.

இத்தகைய பாதிப்புக்கு உள்ளாகும் ஒருவர் இலங்கையில் எங்கு நீதி கோரலாம் என்பதை அறிந்திருப்பது அவசியமாகும்.

முதலில் செய்ய வேண்டியது சான்றுகளைப் பாதுகாப்பதாகும். தகவல் எப்போது, யார் மூலம், எவ்வடிவில் வெளிவந்தது என்பதைத் திகதியுடன் குறித்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் வந்த செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிடக் கூடாது. வைத்தியசாலை நிருவாகத்திற்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வைத்திருத்தல் வேண்டும். அரசாங்க வைத்தியசாலையாயின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சம்பவம் தொடர்பாக என்ன விசாரணை நடைபெற்றது என்று கேட்கலாம். ஒருவரின் மருத்துவப் பதிவுகளை அவருடைய எழுத்து மூல சம்மதமின்றி வெளியிடுவதற்கு அதே சட்டம் இடமளிக்கவில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

அடுத்தது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமாகும். உடல்நலம் பற்றிய தகவல்களை விசேட பாதுகாப்புக்குரிய வகையாக இச்சட்டம் கொள்கின்றது. தம்மைப் பற்றிய தகவல்களைப் பார்வையிடவும் திருத்தவும் அழிக்கக் கோரவும் நோயாளருக்கு உரிமை உண்டு என்றும், தரவுக் கசிவு ஏற்படின் நிறுவனம் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும் என்றும் கூறுகின்றது. கடமை தவறும் நிறுவனத்திற்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கவும் ஏற்பாடு உண்டு. ஆயினும், 2025ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி நடைமுறைக்கு வரவிருந்த முக்கிய பாகங்கள் பிற்போடப்பட்டன. ஆகவே, கசிவு நிகழ்ந்த நாளில் எப்பிரிவுகள் நடைமுறையில் இருந்தன என்பதை வர்த்தமானி அறிவித்தல் மூலம் உறுதிப்படுத்திக்கொண்டே இவ்வழியை நாட வேண்டும்.

குற்றவியல் வழி இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதிகாரமின்றிக் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் குற்றமாகும். இது குறித்துப் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். குற்றவாளியாகக் காணப்படுபவர் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு செலுத்த வேண்டும் என நீதிமன்றம் கட்டளையிடவும் அச்சட்டத்தில் இடமுண்டு.

நேரடியாக நட்டஈடு கோருவதாயின் மாவட்ட நீதிமன்றத்தையே நாட வேண்டும். எமது நாட்டில் வழக்கிலுள்ள உரோமன் டச்சுச் சட்டம் இரு வழிகளைத் தருகின்றது. ஒருவரின் கண்ணியத்தை வேண்டுமென்றே ஊறுபடுத்தியமைக்காக வழக்குத் தொடரலாம். கவனயீனத்தால் தொழில் இழப்பு போன்ற பண நட்டம் நேர்ந்திருப்பின் அதற்காகவும் வழக்குத் தொடரலாம். ஆனால், கவனயீனத்தால் மன வேதனை மட்டுமே நேர்ந்திருப்பின் நட்டஈடு பெறுவது கடினமாகும். தகவல் தவறாகப் பயன்படுத்தப்படுமோ என்ற அச்சமே ஒரு பாதிப்பாக அமையலாம் என்று 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எமது சட்டம் அந்த இடத்தை இன்னும் எட்டவில்லை.

இங்கு கால எல்லை மிக முக்கியமானது. இத்தகைய சிவில் வழக்கை இரண்டு வருடங்களுக்குள் தொடர வேண்டும். அரசுக்கு எதிரான வழக்காயின் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். அரச வைத்தியசாலையின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதுவோர் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்திற்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியாகக் கூறப்படவில்லையாதலால், சமத்துவ உரிமை போன்றவற்றின் அடிப்படையிலேயே மனுவை அமைக்க நேரிடும். அந்த ஒரு மாதத்திற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய இடங்களில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன.

இரகசியத்தை வெளியிட்டவர் வைத்தியராயின் இலங்கை மருத்துவ சபையிடமும், தனியார் வைத்தியசாலையாயின் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தல் பேரவையிடமும் முறைப்பாடு செய்யலாம். சட்டத்தரணியை அமர்த்த வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். முறைப்பாடுகளைத் தமிழில் எழுதத் தயங்க வேண்டியதில்லை. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியே.

எனினும், வழிகள் இருந்தும் பலர் மௌனமாகி விடுகின்றனர். நீதிமன்றம் சென்றால் மேலும் பலர் அறிந்துவிடுவரே என்ற அச்சமே அதற்குக் காரணம். மனநோய், பாலியல் நோய், குழந்தைப்பேறின்மை எனக் குடும்பத்தின் மானத்தோடு பிணைத்துப் பார்க்கப்படும் விடயங்களில் இந்த அச்சம் இன்னும் பெரிது. காலங்கடத்தப்பட்ட சட்டமும் அதற்குத் துணை போகின்றது. தன் இரகசியம் காக்கப்படாது என எண்ணும் நோயாளி அடுத்த முறை வைத்தியசாலைக்குச் செல்லமாட்டார். சென்றாலும் உண்மையைக் கூறமாட்டார். அதன் விலை சில வேளைகளில் ஓர் உயிராகவும் இருக்கலாம். நோயாளரின் விபரங்களைக் கணினிமயப்படுத்துவதில் ஆர்வம் காட்டும் அரசாங்கம், அவற்றைக் காக்கும் சட்டத்தை முழுமையாக நிறைவேற்றுவதிலும் அதே ஆர்வத்தைக் காட்ட வேண்டும் என்பதே எமது கோரிக்கையாகும்.