நடு ஸ்பீக்கரைத் தேடி

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒரு மினி பிசி உட்கார்ந்திருக்கிறது. டிபன் பாக்ஸ் அளவுதான். அதில் லினக்ஸ் போட்டு, டெஸ்க்டாப் எதுவும் இல்லாமல், வீடியோ பிளேயர் மட்டும் ஓடுகிற மாதிரி வைத்திருக்கிறேன். சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், மூலையில் ஒரு சப்வூஃபர். செலவு என்னுடையது, படம் பார்ப்பது அப்பா.

அப்பா கோயம்புத்தூர் மில் ஒன்றில் ஸ்பின்னிங்கில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ரிங் ஃப்ரேம் ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேசணும். அப்படி வருஷக்கணக்கில் சத்தத்தில் நின்றவர்களுக்கு முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. சத்தம் கேட்கும், சொல் புரியாது. ஊரில் இதை 'மில்லுக் காது' என்போம்.

மினி பிசி வந்த புதிதில் எச்டிஎம்ஐ ஒயரை டிவியில் செருகி, டிவியிலிருந்து ரிசீவருக்கு இன்னொரு ஒயர் போட்டிருந்தேன். இரண்டு சானல்தான் வந்தது. காரணம் எளிது. எச்டிஎம்ஐ ஒயரின் மறுமுனையில் இருக்கும் கருவி, தன்னால் என்னென்ன முடியும் என்று ஒரு பட்டியலைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். ஈடிஐடி என்று பெயர். அதில் ஒலிக்கான பகுதியை லினக்ஸ் தனியாக எடுத்து, ஈஎல்டி என்ற பெயரில் நமக்கும் காட்டும். என் டிவி 'எனக்கு ரெண்டு சானல்தான் தெரியும்' என்று சொல்லியிருந்தது; அதற்குப் பின்னால் நிற்கிற ரிசீவரைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒயரைப் பிடுங்கி நேராக ரிசீவரில் செருகியதும் பட்டியலில் எட்டு சானல் வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த வாரமே அப்பா ஆரம்பித்தார். "மலைக்கள்ளன் நல்லாக் கேக்குது கண்ணு. புதுப் படத்துலதான் ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. பேசறவன் என்ற பின்னால நின்னு பேசற மாதிரியே இருக்குது."

நான் சொன்ன பதில்: "காது மெஷினை மாத்திப் பாக்கலாங்ப்பா."

இரண்டு மாசம் அப்படியே போனது. அவர் புதுப் படம் பார்ப்பதையே விட்டுவிட்டார். ஒருநாள் ராத்திரி தற்செயலாக அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம் போட்டபோதுதான் தெரிந்தது. வசனம் நிஜமாகவே வலது பின் ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

எண்கள் சொன்ன கதை

லினக்ஸில் 'ஸ்பீக்கர் டெஸ்ட்' என்று ஒரு சின்ன கருவி உண்டு. ஆறு சானல் என்று சொன்னால் ஒவ்வொரு ஸ்பீக்கரின் பெயரையும் அந்தந்த ஸ்பீக்கரிலேயே சொல்லும். திரையில் எண்ணும் வரும். அந்த எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள்: 0 முன் இடது, 4 நடு, 1 முன் வலது, 3 பின் வலது, 2 பின் இடது, 5 சப்வூஃபர். ஹாலை ஒரு சுற்று சுற்றி வருவதற்காக எண்கள் முன்னே பின்னே தாவுகின்றன. அதாவது லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் கணக்கில் நடு ஸ்பீக்கருக்கு நான்காம் எண். பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் ஐந்தாவது இடம். பின் ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் பிறகுதான் அதன் முறை.

வசனம் முழுக்க வருகிற ஸ்பீக்கர் எப்படி ஐந்தாவது இடத்துக்குப் போனது? இங்கேதான் பிழை தேடுகிற வேலையை விட்டுவிட்டு நான் வரலாற்றுக்குள் போய்விட்டேன்.

சினிமாவில் நடு ஸ்பீக்கர்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது. நம்ம ஊர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டியவர். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தெருவுக்கு இன்னும் அந்தப் பெயர்தான். அன்று மௌனப்படம். 1931 அக்டோபர் 31-இல் 'காளிதாஸ்' வந்து படம் பேச ஆரம்பித்த பிறகு, ஒலி வரவேண்டிய இடம் திரைக்குப் பின்னால் நடுவில் என்றானது. ஒரே டிராக், ஒரே இடம். 1954-இல் கோவை பட்சிராஜா ஸ்டுடியோ எடுத்த 'மலைக்கள்ளன்' வரைக்கும், அதற்குப் பிறகும் வெகுகாலம், அதுதான் நிலைமை.

மேற்கே இதற்குள் ஒரு சோதனை நடந்து முடிந்திருந்தது. 1933 ஏப்ரல் 27 அன்று பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவை, பெல் ஆய்வகத்தினர் தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டனில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்கவைத்தார்கள். மூன்று மைக், மூன்று கம்பி, மூன்று ஸ்பீக்கர்: இடது, நடு, வலது. இரண்டு மட்டும் இருந்தால் சரியாக நடுவில் உட்கார்ந்தவருக்குத்தான் ஒலி நடுவிலிருந்து வருவதாகத் தோன்றும். ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு அது பக்கத்து ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொள்ளும். தியேட்டரில் எல்லோரும் நடுவில் உட்கார முடியாதே! அதனால் சினிமா நடு ஸ்பீக்கரை விடவே இல்லை. 1953-இல் வந்த சினிமாஸ்கோப் 'தி ரோப்' நான்கு டிராக்: திரைக்குப் பின்னால் மூன்று, அரங்கைச் சுற்றி ஒன்று. 1970-களின் டால்பி ஸ்டீரியோவும் அதே நான்கு. முதலில் நடு, பிறகு அதன் இரு பக்கம், கடைசியில் பின்பக்கம். சினிமா ஒலி வளர்ந்த வரிசை இது.

தமிழுக்கு இது சத்தமாக வந்து சேர்ந்தது 1990-களில். 1995-இல் 'குருதிப்புனல்' டால்பியோடு வந்தது. 1996-இன் 'கருப்பு ரோஜா' தமிழின் முதல் டிடிஎஸ் படம் என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. டிடிஎஸ்-இல் ஃபிலிமில் இருப்பது நேரக் குறியீடு மட்டும். ஒலி தனி சிடியில் ஓடும். அப்போது நான் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். போஸ்டரில் நடிகர் பெயர் அளவுக்கு 'டிடிஎஸ்' என்று போட்டிருப்பார்கள்.

கம்ப்யூட்டர் வந்த வழி வேறு. அதன் தாத்தா கிராமஃபோன் ரெக்கார்டு. 1958-இல் ஸ்டீரியோ ரெக்கார்டு விற்பனைக்கு வந்தபோது, ஒரு பள்ளத்துக்கு இரண்டு சுவர்தானே, சுவருக்கு ஒரு சானல் என்று இரண்டோடு நின்றது. வீட்டு ஒலி என்றால் இடது, வலது என்றே பழகிப்போனோம். கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டும் அந்த ஜோடியோடுதான் ஆரம்பித்தது. 1998 வாக்கில் விளையாட்டுக்காரர்களுக்காகப் பின்னால் இன்னொரு ஜோடி சேர்ந்தது. டிவிடி படம் பார்க்க ஆரம்பித்த பிறகு மூன்றாவதாக ஒரு ஓட்டை வந்தது, நடுவும் சப்வூஃபரும் சேர்ந்து. கம்ப்யூட்டரின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்: பச்சை முன், கறுப்பு பின், ஆரஞ்சு நடு. யாரோஸ்லாவ் கைசெலா 1998-இல் தொடங்கிய ஆல்சாவின் வரிசையும் அச்சாக இதேதான். சினிமாவுக்கு மூத்த பிள்ளையாக இருந்தது கம்ப்யூட்டருக்குக் கடைக்குட்டி.

ஒரே ஒயர், ஐந்து வரிசை

இப்படி ஒவ்வொரு தொழிலும் தன் பழக்கத்துக்கு ஏற்ப ஆறு சானலுக்கும் இடம் போட்டு வைத்திருக்கிறது. டிடிஎஸ் நடுவிலிருந்து தொடங்கும். டால்பி டிஜிட்டல் இடது, நடு, வலது என்று திரையில் இருக்கிற மாதிரியே போகும். வேவ் ஃபைலில் நடு மூன்றாவது. ஆல்சாவில் ஐந்தாவது. எச்டிஎம்ஐ, 2002 டிசம்பரில் வெளியானபோது, டிவி தயாரிப்பாளர்களின் தரத்தை எடுத்துக்கொண்டது; அதில் மூன்றாவது சப்வூஃபர், நான்காவது நடு, அதற்குப் பிறகு பின் இடது, பின் வலது.

ஒயருக்குள் 'இது வசனம், இது இசை' என்று எதுவும் எழுதியிருக்காது. பஸ்ஸில் சீட் நம்பர் மாதிரிதான். எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அந்த ஸ்பீக்கருக்குப் போகும். ஆகவே ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு யாராவது மாற்றிக் கொடுத்தே ஆகணும்.

என் வீட்டில் அந்த வேலையை இரண்டு பேர் செய்துகொண்டிருந்தார்கள்.

ஸ்பீக்கர் டெஸ்ட்டை நேரடியாக எச்டிஎம்ஐ டிவைஸில் ஓட்டினேன். ஆறும் அதனதன் இடத்தில் பேசின. டீஃபால்ட் டிவைஸில் ஓட்டினேன். 'சென்டர்' என்ற குரல் வலது பின்னாலிருந்து வந்தது. அப்படியானால் ஹார்டுவேர், டிரைவர், ஒயர் எல்லாம் சரி; தப்பு நடுவில் இருக்கிற செட்டிங்கில். ஆல்சாவின் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தேன். பத்து வருஷத்துக்கு முந்தைய மெஷினிலிருந்து காப்பி அடித்தது, நானே எழுதியது. அந்த மெஷினில் வரிசையை மாற்றித் தர யாரும் இல்லாததால், ஆல்சா வரிசையை எச்டிஎம்ஐ வரிசையாக மாற்றச் சொல்லி நான்கு வரி போட்டிருந்தேன். புது மினி பிசியில் அந்த வேலையைக் கெர்னலே செய்துவிடுகிறது. என் ஃபைல் நடு சானலை நான்காவது சீட்டில் உட்காரவைத்தது. கெர்னலின் கண்ணுக்கு நான்காவது சீட் என்றால் பின் வலது. கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டது. பேஸ் ஒலி பின் இடதுக்கும், பின் ஒலிகள் இரண்டும் நடுவுக்கும் சப்வூஃபருக்கும் போயிருந்தன.

மலைக்கள்ளன் ஏன் நன்றாகக் கேட்டது என்பதும் இப்போது புரிந்தது. ஒற்றை டிராக் படம், முன் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியாகப் போகிறது. அந்த முதல் இரண்டு இடம் மட்டும் மேலே சொன்ன வரிசைகளில் ஆல்சா, வேவ், எச்டிஎம்ஐ மூன்றுக்கும் பொது. என் நான்கு வரி அதைத் தொடவே இல்லை. துப்பு முழுவதையும் அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார்: பழைய படம் சரி, புதுப் படம் தப்பு, குரல் பின்னாலிருந்து வருகிறது. ஆஃபீஸில் ஒரு கஸ்டமர் இவ்வளவு தெளிவாக எழுதி அனுப்பினால் அரை மணி நேரத்தில் பிடித்திருப்பேன். காது கேட்காதவர் சொன்னது என்பதால் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான்கு வரியையும் அழித்துவிட்டு, ரிசீவரில் நடு ஸ்பீக்கரை மட்டும் 4 டெசிபல் ஏற்றினேன். வசனம் தனி சானலில் இருப்பதால் இசையைத் தொடாமல் அதை மட்டும் தூக்கலாம். மில்லுக் காதுக்கு இது பெரிய உபகாரம். உங்கள் வீட்டிலும் 'பேசறது கேக்கல' என்று பெரியவர்கள் சொன்னால், முதலில் அவர்களுடைய நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்.

மறுநாள் சாயங்காலம் முன்பு பாதியில் விட்ட படத்தைப் போட்டுக் கேட்டேன், "இப்பக் கேக்குதுங்ளாப்பா?"

"ம்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு ரெண்டு பாயிண்டு வெய்யி கண்ணு" என்றார். வைத்தேன்.