அறிதலும் அங்கீகரித்தலும்: வெகுசனத் திரைப்படத்தில் மெய்யியலைத் தேடுவது பற்றி

இம்மானுவேல் காண்ட்டின் 'தூய அறிவின் விமர்சனம்' 1781இல் வெளிவந்தது. சரியாக 200 ஆண்டுகள் கழித்து, ஹார்வர்டு பல்கலைக்கழக மெய்யியல் பேராசிரியர் ஸ்டான்லி கேவல் தம் 'பர்சூட்ஸ் ஆஃப் ஹேப்பினெஸ்' நூலில் அந்த காண்ட்டையும் கிளார்க் கேபிள் நடித்த ஒரு நகைச்சுவைப் படத்தையும் ஒரே இயலில் சந்திக்க வைத்தார். படம், ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' (1934). 'சோரி சோரி' (1956) என்ற இந்திப் படத்தின் வழியே இந்தியர்களுக்கும் பழக்கமான கதைதான். வீட்டைவிட்டு ஓடிவந்த செல்வந்தர் மகளும் வேலை பறிபோன செய்தியாளனும் வழியில் ஒரே அறையில் இரவு தங்க நேர்கிறது. இரண்டு கட்டில்களுக்கும் நடுவே கயிறு கட்டி, அதில் ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறான் அவன்.

அந்தப் போர்வையில் கேவல் காண்ட்டைக் கண்டார். மனித அறிவுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்கு அப்பால் இருப்பதைப் பற்றி எண்ணலாமே தவிர அதை அறிய இயலாது என்பது காண்ட்டின் நிலைப்பாடு. போர்வைக்கு அப்பால் ஒரு பெண் இருக்கிறாள். துணி அசைகிறது, குரல் கேட்கிறது. பின்னொரு இரவில், தான் கனவு காணும் பெண் எப்படிப்பட்டவள் என்று அவன் விவரிக்கிறான். அதைக் கேட்டு அவளே போர்வையைக் கடந்து வந்து நிற்கிறாள். அவனோ அவளைத் திரும்பிப் போகச் சொல்கிறான். கனவில் இருந்தவளையும் கண்முன் நிற்பவளையும் ஒருத்தியாகக் காண அவனால் முடியவில்லை. பிறர் மனத்தை நாம் எப்படி அறிகிறோம் என்று தலைமுறை தலைமுறையாக வகுப்பறைகளில் கேட்கப்பட்டுவரும் கேள்விக்கு இங்கே வியர்வையும் வெட்கமும் கூடிய ஓர் உடல் கிடைத்துவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இந்த அணுகுமுறை சற்று அந்நியமாகத் தோன்றலாம். நம்மிடம் திரைப்படத் தத்துவம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தத்துவப் பாடல். வானொலிக் காலத்திலிருந்து அது தனி வகையாகவே வழங்கிவருகிறது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் கண்ணதாசனும் சித்தர் மரபையும் பட்டினத்தாரையும் திரையிசைக்குள் கொண்டுவந்து சேர்த்த சாதனை பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்தச் சாதனையே ஒரு பழக்கத்தையும் ஏற்படுத்திவிட்டது. படத்தின் தத்துவம் பாட்டு வரியிலோ பாத்திரத்தின் வாய்மொழியிலோ மட்டும் இருப்பதாக நினைத்து, எஞ்சிய இரண்டரை மணி நேரத்தைக் கதை என்று ஒதுக்கிவிடுகிறோம்.

கல்விப்புலத்திலும் இதற்கு இணையான ஒரு பழக்கம் உண்டு. 'தி மேட்ரிக்ஸ்' (1999) வெளிவந்த பிறகு, டெகார்ட்டின் வஞ்சக ஆவியை விளக்க அந்தப் படம் பாடக்குறிப்பாகவே மாறிப்போனது. கருத்து முன்பே தயார், படம் அதற்கான உதாரணம். இரண்டு பழக்கங்களுமே படத்தைச் சிந்திக்க விடுவதில்லை. வாழ்க்கையும் வெகுசனப் படமும் மெய்யியலின் உதாரணக் கிடங்குகள் என்ற எண்ணத்தை இக்கட்டுரை மறுக்கிறது. சில கருத்துகள் உருவாகிற இடமே அவைதான் என்பது இதன் வாதம்.

கேவலின் வாழ்க்கையிலிருந்தே தொடங்கலாம். 1926இல் அட்லாண்டாவில் பிறந்தவர். புலம்பெயர்ந்து வந்த யூதரான தந்தை அடகுக்கடை நடத்தினார், அவருக்கு ஆங்கிலம் சரளமாக வசப்படவில்லை. தாய் பியானோ கலைஞர். சிறு வயதில் கார் மோதியதில் மகனின் காது பழுதடைந்தது. கோல்ட்ஸ்டைன் என்ற குடும்பப் பெயரைப் பதினாறு வயதில் மாற்றிக்கொண்டார். இசையமைப்புப் படிக்க நியூயார்க்கின் ஜூலியார்டு பள்ளிக்குப் போனவர், வகுப்புகளைவிட்டுத் திரையரங்குகளில் பொழுதைக் கழித்தார். இசையைக் கைவிட்டு மெய்யியலுக்கு வந்த பிறகும் தடம் ஒருமுறை மாறியது. 1955இல் மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் ஹார்வர்டுக்கு வந்து நிகழ்த்திய உரைகளைக் கேட்டதும், எழுதிக்கொண்டிருந்த ஆய்வேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

இதையெல்லாம் வாழ்க்கைக் குறிப்பு என்று கடந்துபோக முடியாததற்குக் காரணம் ஆஸ்டினின் முறையிலேயே இருக்கிறது. சாதாரண மொழி மெய்யியல், 'இப்படிப்பட்ட சூழலில் நாம் என்ன சொல்வோம்?' என்று கேட்கிறது. அதற்கு விடை காண யாரும் கணக்கெடுப்பு நடத்துவதில்லை. கேட்பவர் தம் பேச்சை, தம் வளர்ப்பை, தம் காதைத் துழாவி ஒரு பதில் சொல்கிறார். சொல்லும்போது 'நான்' என்னாமல் 'நாம்' என்கிறார். ஒரு தனி மனிதர் எல்லோருக்காகவும் பேசத் துணியும் அந்த உரிமை எங்கிருந்து வந்தது? பேச்சு வசப்படாத தந்தையின் வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு இது ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. 'எ பிட்ச் ஆஃப் ஃபிலாசஃபி' (1994) நூலில் கேவல் இதை நேராகவே எடுத்துக்கொண்டார். 2010இல் வெளிவந்த தன்வரலாற்றை நாட்குறிப்புபோலத் தேதியிட்ட பகுதிகளாக எழுதினார். அவரிடம் தன்வரலாறு சான்று தரும் வேலையைச் செய்கிறது. 'நாம் இப்படித்தான் உணர்கிறோம், இல்லையா?' என்று வாசகரிடம் கேட்டு, அவர் ஒப்புகிறாரா என்று பார்க்கும் முறை அது. வாசகர் மறுக்கலாம், மறுத்தால் வாதம் அங்கே தோற்கும். சான்றுகளை எண்ணால் அளக்கப் பழகியவர்களுக்கு இது மெலிந்த முறையாகத் தெரியலாம், ஆனால் பொறுப்பு முழுவதையும் சொல்பவர் தலையிலேயே ஏற்றுகிற முறை இது.

இந்த முறையிலிருந்துதான் அவருடைய மையமான வேறுபாடு பிறந்தது. அறிதல் வேறு, அங்கீகரித்தல் வேறு. ஒருவர் வலியில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு சும்மா இருக்க முடியும். அந்த வலிக்கு முகம்கொடுத்து ஏதேனும் செய்தால்தான் அங்கீகாரம். பிறர் மனத்தை அறியவே முடியாது என்னும் ஐயவாதி, தன்னிடம் அங்கீகாரம் இல்லாத குறையை அறிவின் குறைபோலக் காட்டுகிறான் என்பது கேவலின் குற்றச்சாட்டு. 1934 முதல் 1949 வரை வந்த ஏழு ஹாலிவுட் படங்களை 'மறுமண நகைச்சுவை' என்ற வகைக்குள் அவர் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். பிரிந்த அல்லது பிரியத் துடிக்கும் இருவர் மறுபடி இணைவார்களா என்பதே அந்தப் படங்களின் கேள்வி. அங்கே திருமணத்தைத் திருமணமாக்குவது சட்டமோ குழந்தையோ அன்று, உரையாடல். மணமுறிவை ஆதரித்து 1643இல் மில்டன் எழுதிய துண்டுநூலையும் அவர் இதற்குத் துணையாகக் கொண்டார்.

தமிழில் இந்த வகைக்கு மிக நெருங்கி வருவது மணிரத்னத்தின் 'மௌன ராகம்' (1986). திருமணத்துக்குப் பின் என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவன் சந்திரகுமாரிடம் திவ்யா விவாகரத்துக் கேட்கிறாள். சட்டப்படி ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்கிறார் வழக்கறிஞர். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் முதலில் மூன்றாண்டுக் காத்திருப்பை விதித்திருந்தது, 1976இன் திருத்தம்தான் அதை ஓராண்டாகக் குறைத்தது. படத்தின் கால அளவையே அந்தச் சட்டப்பிரிவு தீர்மானித்திருக்கிறது. கேவலின் தம்பதிகள் நகரத்தை விட்டுக் கனெக்டிகட்டின் பசுமைக்குப் போவார்கள். திவ்யாவும் சந்திரகுமாரும் உறவினர் கண்ணும் தாய்மொழியும் எட்டாத டெல்லிக்குப் போகிறார்கள்.

திவ்யா தன் கடந்த காலத்தைக் கணவனிடம் சொல்லிவிடுகிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும். மனோகரைக் காதலித்தது, பதிவுத் திருமணத்துக்குக் காத்திருந்தபோது அவன் சுடப்பட்டு இறந்தது, எல்லாமே கணவனுக்குத் தெரியும். அவன் தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல இருப்பதாகவும் சொல்லிவிட்டாள். இருவருக்கும் இடையே இனி மறைப்பதற்கு எதுவும் இல்லை. அறிவு முழுமையாக இருக்கிறது, உறவு மட்டும் இல்லை. பின்னர் அவன் கத்திக்குத்துப் பட்டுக் கிடக்கும்போது அவள் மனம் திரும்பத் தொடங்குகிறது. இப்போது கண்ணை மூடிக்கொள்வது அவன் முறை. அவளிடம் நேர்ந்த மாற்றத்துக்கு எத்தனை அடையாளம் தென்பட்டாலும் அவன் ஏற்க மறுக்கிறான். சான்று போதாது என்று அவனால் சொல்ல முடியாது, மறுபடி அவமானப்பட அஞ்சுகிறான். ஐயவாதத்தின் வேர் அச்சத்தில் இருக்கிறது என்று கேவல் பல நூல்களில் வாதிட்டது இந்த வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவே நடக்கிறது.

கேவலைத் திருத்தவும் இந்தப் படம் உதவுகிறது. அவர் உரையாடலின் மீது வைத்த நம்பிக்கை இங்கே செல்லுபடியாகவில்லை. திவ்யாவும் சந்திரகுமாரும் பேசும் போதெல்லாம் புண்படுத்திக்கொள்கிறார்கள். அங்கீகாரம் நிகழ்வது நோயாளிக்குச் செய்யும் பணிவிடையில், ஒருகாலத்தில் மறுத்த கொலுசைப் போட்டுக்கொள்வதில். பேச்சுக்கு வெளியே, கை செய்யும் வேலைகளில் ஒருவரை ஏற்பது நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வேறுபாடு இன்னொன்றும் உண்டு, இன்னும் கசப்பானது. காப்ராவின் படத்தில் தந்தையே மகளை மணமேடையிலிருந்து ஓடிப்போகத் தூண்டுகிறார். திவ்யாவின் தந்தைக்கு மாரடைப்பு வருகிறது, அதனால் அவள் சம்மதிக்கிறாள். அப்படியானால் கடைசியில் நடப்பதை மறுமணம் என்று அழைப்பது சரியா? முதல் முறை அவள் விருப்பத்தோடு சம்மதிக்கவே இல்லையே. படத்தின் முடிவில்தான் அவள் முதன்முதலாக மணம் முடிக்கிறாள் என்பது இக்கட்டுரையின் வாசிப்பு. அந்தச் சம்மதத்துக்காகக் காதலன் கதையிலிருந்து அகற்றப்பட்டதும், மாற வேண்டிய சுமை பெரும்பாலும் பெண் மீதே விழுந்ததும் படத்தின் குறைகள். தாம் எடுத்துக்கொண்ட படங்களில் பெண்ணுக்குப் பாடம் சொல்லும் இடத்தில் ஆண் இருப்பதைக் கேவலும் சங்கடத்தோடு குறிப்பிட்டார்.

இத்தகைய வாசிப்புகளுக்கு எதிராக மெய்யியலாளர் பெய்ஸ்லி லிவிங்ஸ்டன் 2006இல் ஒரு கூர்மையான சிக்கலை முன்வைத்தார். படம் சொல்லும் மெய்யியல் கருத்தைச் சொற்களில் எடுத்துச் சொல்ல முடியுமானால், படம் தேவையில்லை. முடியாதென்றால், அப்படியொரு கருத்து இருப்பதை எப்படி நம்புவது? மெய்யியலின் விளைபொருள் புதிய கருத்துரை மட்டுமே என்று கொண்டால் இந்தச் சிக்கல் அவிழாது. ஆனால் 'அறிவு போதாது, அங்கீகாரம் வேண்டும்' என்ற வாக்கியத்தைப் படித்து ஒப்புக்கொள்பவர், தானும் சந்திரகுமாரைப்போல நடந்துகொள்கிறோம் என்பதை அதனால் உணர்ந்துவிடுவதில்லை. அந்த வாக்கியம் தன்னையும் சேர்த்தே பேசுகிறது என்று பார்வையாளருக்கு உறைப்பது படம் ஓடும் நேரத்தில். அதைப் பத்தியாகச் சுருக்கலாம், சுருக்கத்தால் அந்த வேலை நடக்காது.

கேவலின் மரபைச் சேராத மெய்யியலிலும் இதற்குச் சான்று உண்டு. மிராண்டா ஃபிரிக்கர் 'எபிஸ்டெமிக் இன்ஜஸ்டிஸ்' (2007) நூலில் அறிவுசார் அநீதியை இரண்டாகப் பகுத்தார். பேசுபவர் யார் என்பதாலேயே அவர் சொல் நம்பப்படாமல் போவது ஒன்று. இதை விளக்க அவர் எடுத்தது 'தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி' படத்தின் திரைக்கதை. அதில் வரும் மார்ஜ் என்ற பெண் கொலையாளியைச் சரியாகவே சந்தேகிக்கிறாள், அது பெண்ணின் உள்ளுணர்வு என்று தள்ளப்படுகிறது. தனக்கு நேர்வதைச் சொல்லச் சமூகத்திடம் கருத்தே இல்லாமல் தவிப்பது மற்றொன்று. அதற்கு ஆதாரம் ஒரு பெண்ணின் வாழ்க்கை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த கார்மிட்டா வுட், பேராசிரியர் ஒருவரின் தொல்லை தாங்காமல் வேலையை விட்டார். வேலையின்மை உதவித்தொகை கேட்டபோது, விலகியதற்கான காரணத்தை அவரால் பெயரிட்டுச் சொல்ல முடியவில்லை, உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. 1975இல் அங்கே கூடிய பெண்கள்தான் பாலியல் துன்புறுத்தல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் கருத்து பல்கலைக்கழகக் கருத்தரங்கில் உருவாகி வாழ்க்கைக்கு இறங்கி வந்ததன்று.

ஃபிரிக்கரையும் கேவலையும் சேர்த்துப் படிக்கத் தமிழில் ஒரு படம் காத்திருக்கிறது. ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978). பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருண், கேமராவும் ஒலிவாங்கியுமாகப் பல பெண்களிடம் கேள்வி கேட்டுப் பதில்களைப் பதிவு செய்கிறான். அவனோடு வேலை செய்யும் மஞ்சு, தன் வாழ்வில் நடந்ததைத் தானாகவே அவனிடம் சொல்கிறாள். முதலாளி தியாகு அவளைப் பற்றி முன்பே தீர்ப்பு எழுதி வைத்திருப்பவன், அது ஃபிரிக்கர் சொன்ன முதல் வகை. அருணின் தவறு நுட்பமானது. அவன் அவளை நம்புகிறான், பரிவும் கொள்கிறான், அவள் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறான். ஆயினும் அவனிடம் மஞ்சு ஒரு தகவலாளியாகவே நின்றுவிடுகிறாள். கடைசியில் அவன் வேறொரு பெண்ணை மணக்கிறான். நம்பகத்தன்மையை அளித்துவிட்டால் அநீதி தீர்ந்துவிடும் என்று ஃபிரிக்கரின் முதல் வகையை மட்டும் படிப்பவர் கருதக்கூடும். அருண் அந்த எண்ணத்துக்கு எதிர்ச்சான்று. பேச்சை முழுமையாக நம்பிய பிறகும் பேசியவளை ஏற்காமல் விட முடியும் என்பதை அவனுடைய ஆவணப்படம் முதல் அவனுடைய திருமணம் வரை ஒவ்வொரு காட்சியும் விளக்குகிறது. படத்தை ஆராய வருபவர்கள் மஞ்சுவின் வசனங்களோடு, அவற்றைக் கேட்கும்போது அருணின் முகமும் அவன் கேமராவும் எங்கே திரும்புகின்றன என்பதையும் காட்சி காட்சியாகக் குறித்துப் பார்க்க வேண்டும்.