தோட்டாவைக் கெடுத்த குதிரை லாயம்

உலோகவியல் வகுப்பில் பையன்கள் கொட்டாவி விடாமல் கேட்ட பாடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டாக்கள் சுடாமலேயே விரிசல் விட்ட கதை. பாலிடெக்னிக்கில் நான் பித்தளையை அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

பித்தளைக்கு முந்தைய தோட்டா வெறும் காகிதம். 1857 கலகத்துக்குத் தூபம் போட்ட என்ஃபீல்டு தோட்டாவும் கொழுப்புத் தடவிய காகிதச் சுருள்தான். பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். 1866 வாக்கில் எட்வர்டு பாக்சர் என்ற ராணுவ அதிகாரி, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிக் கூடு செய்தார். சுருட்டிய தகடு எளிதில் நசுங்கும், துப்பாக்கிக்குள் சிக்கும். 1885 சூடான் போரில் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் இப்படிச் சிக்கி, நெருக்கடி நேரத்தில் காலை வாரின. பிறகு, ஒட்டே இல்லாமல் ஒரே துண்டில் இழுத்த கூடு நிலைபெற்றது.

செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு கலந்த தகட்டை வட்டமாக வெட்டி, அச்சில் அழுத்திக் கிண்ணமாக்கி, பல முறை இழுத்து நீளமாக்குவார்கள். கன்னார் பட்டறையில் குடம் அடிப்பவருக்கும் தெரிந்த விதிதான் இங்கேயும்: தட்டத் தட்டப் பித்தளை இறுகும், காய்ச்சினால் இளகும். அதனால் இழுப்புகளுக்கு நடுவே கூட்டை உலையில் காய்ச்சுவார்கள். கடைசியில் அடிப்பாகத்தை மட்டும் இறுக்கமாகவே விட்டுவிடுவார்கள். வெடியின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியது அதுதானே. குண்டைக் கவ்வும் கழுத்தும் அதேபோல் காய்ச்சாமல் விடப்பட்டால், அச்சில் நெருக்கியதால் உண்டான இழுவிசை உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது.

இப்படிப்பட்ட தோட்டாக்களை இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்தார்கள். கோடையில் எதுவும் ஆகவில்லை. மழைக்காலத்தில் கழுத்து விரிந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, மழை ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரித்தது. உள்ளே அடங்கியிருந்த இழுவிசை அரித்த இடத்தைப் பிளந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விரிசல் இல்லை.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் காட்டலாம். பித்தளைப் பட்டை இரண்டை வளைத்துக் கட்டி, ஒன்றை மட்டும் அந்தக் கட்டோடு மிதமாகச் சூடாக்கி ஆறவிட்டு, அம்மோனியா உள்ள ஜாடியில் இரண்டையும் தொங்கவிடுவேன். இரண்டிலும் நீலம் பூக்கும். ஆனால் சூடு படாத பட்டைதான் வளைவின் வெளிப்புறத்தில் பிளக்கும்.

இதன் சூட்சுமத்தை 1921இல் தெளிவாக்கியவர்கள் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள். அவர்கள் சொன்ன மருந்து மிகவும் மலிவானது. சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் போதும்: உள்ளிழுவிசை தளரும், இறுக்கம் குறையாது. லாயத்தை இடிக்க வேண்டியதில்லை, கலவையை மாற்ற வேண்டியதில்லை.

சுட்ட கூட்டில் மீண்டும் மருந்து நிரப்புகிறவர்களும் இந்தப் பித்தளையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். சுடும்போது கழுத்து விரிகிறது. அச்சில் தள்ளி மறுபடி நெருக்குகிறார்கள். அதை அடுத்தடுத்துச் செய்யக் கழுத்து இறுகி, ஒருநாள் கீறிவிடுகிறது. அதற்குப் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு. தட்டில் தண்ணீர் ஊற்றி, கூடுகளைப் பாதி முழுகும்படி நிறுத்தி, கழுத்தில் மட்டும் தீ காட்டி, உடனே தண்ணீரில் சாய்த்துவிடுவார்கள். அடிப்பாகம் இளகிவிட்டால் அந்தக் கூட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

பல ராணுவக் கூடுகளின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை வளையம் இருக்கும். விவரம் தெரியாதவர் அழுக்கு என்று தேய்ப்பார். அது காய்ச்சியதற்கான சான்று. அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டுத் தேய்த்தாலோ, சான்றும் போகும், கூடும் போகும்.